ஆர்ட்ஸ் காலேஜில் கெமிஸ்ட்ரியா என்று கேட்பவர்களுக்கு

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் லைக் போட்டுவிட்டு ஓடாமல், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வந்து படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் மூன்று நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். என் தம்பியின் பேத்தி அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். பெரிய மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே போய் வேதியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மே 1ஆம் தேதிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

அவ்வளவுதான் விஷயம். இதற்கு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக நடக்கிற ஒப்பாரி இருக்கிறதே! “ஆர்ட்ஸ் காலேஜ்ல போயி கெமிஸ்ட்ரியா?” என்று பெரியப்பா முறை ஒருவர். “அந்தக் காலேஜ் பேரச் சொன்னா இங்க யாருக்குத் தெரியும்?” என்று சித்தி முறை ஒருத்தி. “பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிறதுக்கா அமெரிக்காவுல போயிப் பொறந்தா?” என்று இன்னொருவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்தக் குழுவில் அவளும் இருக்கிறாள், அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. வியாழக்கிழமை எனக்குப் போன் செய்து, “அத்தைப் பாட்டி, நான் கம்ப்யூட்டரே எடுத்துக்கவா?” என்று கேட்டாள். குரலே சரியில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 34 வருடம் வேலை பார்த்தவள். அமெரிக்கக் கல்லூரியைப் பற்றி இவள் என்ன சொல்வது என்று நினைப்பவர்கள் உண்டு, எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை ஒன்றைப் புதிதாகக் கற்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இந்த விவகாரத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் அந்த ‘ஆர்ட்ஸ்’ என்ற வார்த்தை. நம் ஊரில் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் இன்ஜினியரிங் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று நாமே ஓர் அர்த்தம் பண்ணி வைத்திருக்கிறோம். அதுவே அநியாயம். அரசு கலைக் கல்லூரிகள் இல்லை என்றால் உங்களில் எத்தனை வீட்டில் முதல் பட்டதாரி வந்திருப்பார்? போகட்டும். அந்த அர்த்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி மேல் ஒட்டாதீர்கள். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் கற்றறிந்தவனுக்கு ஏழு கலைகள் தெரிய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, கணக்கு, வடிவியல், வானியல், இசை. ஏழில் கணக்கும் வானியலும் இருக்கின்றன, பாருங்கள். நம் ஆயகலைகள் அறுபத்து நான்கிலும் ரசவாதம் உண்டு. கலை வேறு, அறிவியல் வேறு என்று அறுத்துப் போட்டது பின்னால் வந்த ஏற்பாடு.

அமெரிக்காவில் இந்த வகைக் கல்லூரி என்றால் பெரும்பாலும் இளநிலைப் பட்டத்துக்கான மாணவர்கள் மட்டும் தங்கிப் படிக்கிற இடம். டாக்டர் பட்ட மாணவர்கள் கிடையாது. சேரும்போதே பாடத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை, இரண்டாம் வருடத்தில் முடிவு செய்தால் போதும். வேதியியலை முதன்மையாக எடுத்தாலும் வரலாறு, இலக்கியம், இன்னொரு மொழி என்று படித்தாக வேண்டும். டாக்டர் பட்ட மாணவர்கள் இல்லை என்பதை ஒரு குறையாக நம் பெரியப்பா எழுதியிருந்தார். அதுதான் பெரிய வசதி என்று நான் சொல்கிறேன். ஏன் என்று கேளுங்கள்.

கோவில்பட்டிக்காரர்களுக்குக் கடலை மிட்டாயை வைத்துச் சொன்னால் புரியும். வெல்லம் இத்தனை, தண்ணீர் இத்தனை, கடலை இத்தனை என்று யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம். பாகு பதத்தை எழுதித் தர முடியுமா? ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்து உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அரை நிமிடம் முந்தினால் பல்லில் ஒட்டும், அரை நிமிடம் பிந்தினால் கசக்கும். “இப்ப இறக்கு” என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். பத்துத் தடவை அந்த ஆள் நின்றால், பதினோராவது தடவை நமக்கே கை சொல்லும்.

வேதியியல் அப்படிப்பட்ட படிப்பு. பள்ளியில் பியூரெட்டைப் பிடித்தவர்களுக்கு நினைவிருக்கும். பினாப்தலீன் விட்ட அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, நிறம் வந்து வந்து மறையும். ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும். அடுத்த சொட்டில் அடர்ந்துவிடும், கணக்கு போச்சு. கல்லூரிக்குப் போனால் படிகமாக்கல் என்று ஒன்று வரும். சூடான கரைசலைத் தன்போக்கில் ஆறவிட்டால் சுத்தமான படிகம் இறங்கும். பொறுமை இல்லாமல் எடுத்த எடுப்பில் ஐஸில் வைத்தால் அழுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது கைக்கு வருவதற்குத்தான் நாலு வருடம், அதற்குத்தான் ஆசிரியர்.

இப்போது பெரிய பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள். அங்கே முதலாண்டு வேதியியல் வகுப்பு என்றால் பல இடங்களில் ஒரே அரங்கில் சில நூறு பேர். பேராசிரியர் மேடையில் ஒரு புள்ளி. லேபில் யார் நிற்கிறார்? டீச்சிங் அசிஸ்டென்ட். அவர் யார்? டாக்டர் பட்டம் படிக்க வந்த மாணவர். இன்னும் சொல்லப்போனால் பல நேரம் நம் பிள்ளைதான்.

என் மாணவன் ஒருவன் அப்படி வேலை பார்த்தவன். பெயர் சொன்னால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. ஊருக்கு வந்தபோது சொன்னான். “டீச்சர், நான் அமெரிக்கா போயி மூணே வாரம். எம் முன்னாடி இருபத்து நாலு பிள்ளைங்க. எம் இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியல, அவங்க இங்கிலீஷ் எனக்குப் புரியல. ராத்திரி பூரா எம் பரீட்சை, எம் ஆராய்ச்சி. காலையில இவங்க லேப். ஒரு பிள்ள ஏன் தப்பா செய்யுதுன்னு நின்னு பாக்க நேரமே இல்ல டீச்சர்.” அவன் மேல் தப்பில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன், நல்ல பையன். அந்த ஏற்பாடு அப்படி. முதலாண்டுப் பிள்ளைக்கு, அங்கே இருப்பவர்களிலேயே அனுபவம் குறைந்த ஆளைக் கொடுக்கிற ஏற்பாடு.

இது எனக்கு ரொம்பப் பழக்கமான ஏற்பாடு. எந்தப் பள்ளியிலும் ஜூன் மாதம் வகுப்புப் பிரிக்கும்போது பாருங்கள். எட்டாம் வகுப்புக்குப் போட்டி. ஒன்றாம் வகுப்பு யாருக்கு என்றால் புதிதாக வந்தவருக்கு. ‘அ’ எழுதக் கற்றுக்கொடுப்பதில் என்ன பெரிய வித்தை என்று நினைப்பு. கையைப் பிடித்து எழுத வைக்கும் அந்த முதல் வருடம் கோணலானால் எட்டாம் வகுப்புவரை நிமிர்த்த முடியாது என்று தெரிந்தவர்கள் நாங்கள். சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இது தலைகீழ். அங்கே முதலாண்டு லேபில் நிற்பது பாடம் நடத்துகிற அதே பேராசிரியர். வேறு ஆள் கிடையாது. அவருடைய சொந்த ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கவும் இந்த இளநிலைப் பிள்ளைகளை விட்டால் ஆள் கிடையாது. அதனால் டாக்டர் பட்ட மாணவர் செய்கிற வேலையில் ஒரு பகுதி பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கைக்கு வருகிறது. டாக்டர் பட்ட மாணவர் இல்லாதது பெரிய வசதி என்று சொன்னேனே, இதனால்தான்.

பேர் தெரியாத காலேஜ் என்று சிரித்தவர்கள் அடுப்படிக்குப் போய் ஒரு சட்டியை எடுத்துப் பாருங்கள். நாம் ‘ஈயப் பாத்திரம்’ என்று தப்பாகக் கூப்பிடுகிற அலுமினியச் சட்டி. அது உங்கள் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா?

ஓஹியோ மாநிலத்தில் கிளீவ்லாந்துக்குத் தென்மேற்கே ஓபர்லின் என்று ஒரு சிற்றூர், அதே பெயரில் ஒரு சின்னக் கல்லூரி. 1880களில் அங்கே ஃபிராங்க் ஜூவெட் என்பவர் வேதியியல் ஆசிரியர். ஜெர்மனியில் படித்துவிட்டு, ஜப்பானில் கற்பித்துவிட்டு அந்தச் சிற்றூருக்கு வந்தவர். அப்போது அலுமினியம் வெள்ளியைப் போல அரிய உலோகம். 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் இடிதாங்கியாக வைத்தது ஒரு சின்ன அலுமினியப் பிரமிடு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் எங்கே பார்த்தாலும் இருக்கிற உலோகம், ஆனால் மலிவாகப் பிரித்தெடுக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. வழி கண்டுபிடிப்பவன் பெரும் பணக்காரன் ஆவான் என்று ஜூவெட் வகுப்பில் சொன்னதாகச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சார்லஸ் மார்ட்டின் ஹால்.

ஜூவெட் சொன்னதோடு விட்டிருந்தால் அது ஒரு வகுப்பறைப் பேச்சு. தன் ஆய்வகத்தில் அந்தப் பையனுக்கு இடம் கொடுத்தார், சாமான் கொடுத்தார், செய்ததைத் தினம் பார்த்து யோசனை சொன்னார். 1885இல் பட்டம் வாங்கிய பிறகு ஹால் தன் வீட்டு விறகுக் கொட்டகையில் வேலையைத் தொடர்ந்தான். பேட்டரிகூடத் தானே செய்தது. உருகிய கிரையோலைட் என்ற தாதுவில் அலுமினிய ஆக்சைடைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினான். முதலில் வரவில்லை. களிமண் மூசையிலிருந்து சிலிக்கா கலந்து கெடுக்கிறது என்று சந்தேகப்பட்டு, உள்ளே கரியால் பூச்சுக் கொடுத்தான். 1886 பிப்ரவரி 23ஆம் தேதி, சின்னச் சின்ன உருண்டைகளாக அலுமினியம் கிடைத்தது. வயது 22. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது ஜூவெட்டிடம்.

கூட நின்றவள் அவன் அக்கா ஜூலியா. அவளும் ஓபர்லினில் வேதியியல் படித்தவள். அதே வருடம் பிரான்சில் எரூல் என்ற இளைஞரும் தனியாக இதே முறையைக் கண்டுபிடித்துவிட்டார். யார் முந்தி என்ற காப்புரிமை வழக்கில், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பதற்கு ஜூலியாவின் சாட்சியம் பெரிய பலமாக இருந்தது. இன்றைக்கும் உலகத்தில் தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பது ஹால்–எரூல் முறையில்தான். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னை ஓபர்லினுக்குக் கூட்டிப் போனான். கல்லூரியின் அறிவியல் கட்டடத்தில் ஹாலுக்கு ஒரு சிலை இருக்கிறது. சிலையும் அலுமினியம்தான். ஜூலியாவுக்கு ஒரு சிலை வைக்கவில்லையே என்று கேட்டேன். மருமகள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓபர்லின் ஷான்சி என்று அந்தக் கல்லூரியோடு சேர்ந்த ஓர் அமைப்பு உண்டு. அதன் வழியாக ஓபர்லின் பட்டதாரிகள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து கற்பித்திருக்கிறார்கள். நம் பக்கத்து மதுரைக்கு! பேர் தெரியாது என்றால் அது நமக்குத் தெரியாது என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை.

சின்ன இடம் என்றாலே எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின வேதியியலாளரின் கதையைப் படியுங்கள். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். இண்டியானாவில் டிபா என்ற சின்னக் கல்லூரியில் 1920இல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். வியன்னாவில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுத் திரும்ப அதே கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தார். கண் அழுத்த நோய்க்குப் பயன்பட்ட ஃபைசோஸ்டிக்மின் என்ற மருந்துப்பொருளை 1935இல் தன் நண்பர் பிக்கலோடு சேர்ந்து முழுக்க முழுக்க ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினார். ஆக்ஸ்போர்டில் பெரும் பேர் பெற்ற ராபர்ட் ராபின்சன் அதே பொருளில் வேலை செய்துகொண்டிருந்த நேரம் அது. ராபின்சன் போன வழி தப்பு என்று எழுதி, அதை நிரூபித்தவர் ஜூலியன். அந்த ஆராய்ச்சியில் கல்லூரியின் இளநிலை மாணவர்களும் கூட இருந்து வேலை செய்தார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு நிறத்தைக் காரணம் காட்டி நிரந்தர ஆசிரியர் பதவி தர மறுத்தது நிர்வாகம். அவர் தனியார் நிறுவனத்துக்குப் போய்விட்டார். சின்னக் கல்லூரிக்குச் சின்ன மனதும் இருக்கலாம். இருந்தும் ஆக்ஸ்போர்டோடு மல்லுக்கட்டியது அந்தச் சின்ன ஆய்வகம் என்பது உண்மைதானே.

பழங்கதை என்பவர்களுக்குப் புதுக்கதை. தாமஸ் செக், 1989இல் வேதியியலுக்கு நோபல் பரிசு. இளநிலை படித்தது அயோவாவில் கிரின்னல் என்ற சின்னக் கல்லூரி. வேதியியல் எவ்வளவு பிடித்ததோ அதே அளவு ஹோமரும் தாந்தேயும் பிடித்தது என்று எழுதியிருக்கிறார். (மனைவியைச் சந்தித்ததும் அங்கே கரிம வேதியியல் லேபில்தானாம். தம்பி மருமகள் இதைப் படித்துக் கவலைப்பட வேண்டாம்.) பிறகு வேலை பார்த்தது முழுக்கப் பெரிய பல்கலைக்கழகத்தில். அப்படிப்பட்டவர் 1999இல் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பின்னாளில் அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்குகிறவர்களை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் மற்ற கல்வி நிறுவனங்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உருவாக்குகின்றன என்றார்.

ஜெனிஃபர் டௌட்னா, 2020இல் வேதியியலுக்கு நோபல். மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக. கலிபோர்னியாவில் பொமோனா என்ற சின்னக் கல்லூரியில் 1985இல் பட்டம் வாங்கியவர். தொடக்கத்தில் வேதியியல் நமக்கு வருமா என்று பயந்து, பிரெஞ்சு மொழிக்கு மாறிவிடலாமா என்று யோசித்திருக்கிறார். மாறாதே, அறிவியலிலேயே இரு என்று சொன்னது யார்? பிரெஞ்சு ஆசிரியை! மொழி வாத்தியாருக்கு வேதியியல் மாணவியை முகம் பார்த்துத் தெரிகிறது, அவள் தடுமாறுவதும் தெரிகிறது. சில நூறு பேர் அரங்கில் இது நடக்குமா? அங்கேயும் துணிந்து பேராசிரியர் அறைக் கதவைத் தட்டுகிற பிள்ளைக்கு வழி பிறக்கும், இல்லையென்று சொல்லவில்லை. நம் பிள்ளை கதவைத் தட்டுகிற ரகம் இல்லை. மூன்று நாள் அழுதுவிட்டு நாலாம் நாள் என்னிடம் கேட்கிற ரகம்.

பெரிய இடத்தில்தான் பெரிய கருவி இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான பேச்சு, பதில் சொல்கிறேன். பெரிய கருவி இருப்பது வேறு, அதில் பதினெட்டு வயதுப் பிள்ளை கை வைப்பது வேறு. ஆரிகன் மாநிலத்தில் ரீட் என்ற கல்லூரியில் 1968 முதல் ஓர் ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது. அதை இயக்குவது பெரும்பாலும் இளநிலை மாணவர்கள், அரசாங்கத்தின் முறையான உரிமம் வாங்கிக்கொண்டு. இலக்கியம் படிக்கிற பிள்ளைகூடப் பயிற்சி எடுத்து உரிமம் வாங்கலாம்.

இல்லாத இடத்தில் புத்தி வேலை செய்யும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. மெய்ன் மாநிலத்து போடன் கல்லூரியில் 1980களின் தொடக்கத்தில் லேபில் காற்றோட்டம் போதவில்லை. கரிமக் கரைப்பான்களின் ஆவி பிள்ளைகளின் மூக்குக்குப் போகிறது. புதிய காற்றோட்ட வசதி செய்ய நிறையப் பணம் வேண்டும். அங்கேயிருந்த டானா மேயோ, சாமுவேல் புட்சர் என்ற ஆசிரியர்கள், மெரிமாக் கல்லூரியின் ரொனால்டு பைக்கோடு சேர்ந்து வேறு மாதிரி யோசித்தார்கள். காற்றைக் கூட்டுவதற்குப் பதில் மருந்தைக் குறைத்தால் என்ன? கிராம் கணக்கில் செய்த சோதனைகளை மில்லிகிராம் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிச் சாமான்களும் விரல் அளவுக்குச் சுருங்கின. செலவு குறைந்தது, கழிவு குறைந்தது, ஆபத்து குறைந்தது. அந்த நுண்ணளவு முறை பிறகு உலகம் முழுக்கப் பரவியது. செம்பருத்திப் பூச்சாற்றில் சோப்புத் தண்ணீரையும் எலுமிச்சைச் சாற்றையும் விட்டு அமிலம், காரம் நடத்திய எனக்கு இதைப் படித்தபோது எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சாதி என்று தோன்றியது. ஆசிரியர் சாதியைச் சொல்கிறேன்.

அப்புறம் கெமிஸ்ட்ரி என்றதும் முகத்தைச் சுளித்தீர்களே, அதற்கு வருகிறேன். தீப்பெட்டி ஊரில் பிறந்துவிட்டு எப்படி மனசு வந்தது? குச்சி மண்டையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ், இரண்டும் உரசினால் தீ என்று ஏழாம் வகுப்பில் நடத்தும்போது, “எங்கம்மா அதத்தான் டீச்சர் ஒட்டுறாங்க” என்று எழுந்து சொன்ன பிள்ளைகள் நீங்கள். உங்கள் பள்ளிச் சீருடை அந்தக் கூலியில் வந்தது. இன்று மாத்திரை, பேட்டரி, உரம், குடிதண்ணீர்ச் சோதனை, தடயவியல் எல்லாம் யார் வேலை என்று நினைக்கிறீர்கள்? கம்ப்யூட்டர் படித்தால் வேலை உறுதி என்கிறீர்கள். 2023இல் பணிநீக்கக் கடிதம் வாங்கிய என் மாணவர்கள் மூன்று பேர் ராத்திரியில் எனக்குப் போன் செய்தார்கள். அவர்களை வைத்து வாதம் செய்ய மாட்டேன். உறுதி என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்கிறேன். வேதியியலில் டாக்டர் பட்டம் படிக்கப் போனால் அமெரிக்காவில் பொதுவாக நாம் பணம் கட்ட வேண்டாம், அவர்கள்தான் உதவித்தொகை தந்து படிக்க வைப்பார்கள். இது குழுவில் ஒருவருக்குமே தெரியவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

பணம். இதில் நான் கண்ணை மூடிக்கொண்டு பேசமாட்டேன். இந்தக் கல்லூரிகளில் பலவற்றின் பட்டியல் விலை வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல். கேட்டால் நெஞ்சு அடைக்கும். அந்த விலையை எல்லோரும் கட்டுவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் குறைப்பார்கள், சில இடங்களில் படிப்பைப் பார்த்துக் குறைப்பார்கள். நம் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வசதி ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இரண்டு பேர் நல்ல சம்பளம் வாங்கும் வீட்டுக்குப் பெரிதாகக் குறையாது. அப்போது கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்றால் அனுப்பாதீர்கள், மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே நன்றாகப் படிக்கலாம். இதை என் மருமகனிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறேன், அவர் மகன் விஷயத்தில்.

இவள் விஷயம் அப்படி இல்லை. உதவித்தொகை போக, இரண்டு இடத்துக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவள் அப்பா கணக்குப் போட்டுக் குழுவிலேயே போட்டார். அதற்குப் பிறகும் பேச்சு நிற்கவில்லையே? அப்போது பிரச்சினை பணம் இல்லை. கல்யாண வீட்டில் “பேத்தி எங்க படிக்கிறா?” என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டும். உங்கள் அரை நிமிடப் பெருமைக்கு அவள் நாலு வருடத்தைக் கொடுக்க வேண்டுமா?

குறைகள் உண்டு, அதையும் அவளிடம் சொன்னேன். சின்ன இடத்தில் பாடத் தேர்வு குறைவு. ஒரு பேராசிரியர் போய்விட்டால் அந்தப் பிரிவே போய்விடும். சில சின்னக் கல்லூரிகள் பணமில்லாமல் மூடியும் விட்டன. அதனால் பெயரை விட்டுவிட்டு விசாரிக்க வேண்டியதை விசாரி என்றேன். முதலாண்டு லேபில் யார் நிற்பார்? என்.எம்.ஆர். கருவியை மாணவர் தானே ஓட்டலாமா, ஜன்னல் வழியாகப் பார்க்க மட்டுமா? வேதியியல் பாடத்திட்டத்துக்கு அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஒப்புதல் இருக்கிறதா? போன வருடம் முடித்தவர்கள் எங்கே போனார்கள்? கோடை விடுமுறையில் பெரிய ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்களா? (அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அமைப்பே பணம் கொடுத்து அப்படி ஒரு கோடைத் திட்டம் நடத்துகிறது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள இவள் போன்ற பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம்.) இவள் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டாள். துறைத் தலைவரே ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதி, வந்தால் எந்த லேபில் எந்த நாள் உட்கார்ந்து பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்தும் பதில் வந்தது. இணையதளத்தைப் பார்க்கவும் என்று.

போன வருடம் தன் பள்ளிக் குடிநீர்க் குழாய்களில் ஈயம் இருக்கிறதா என்று தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி, ஒரு பழைய குழாயை மாற்ற வைத்தவள் இவள். அந்தப் படத்தைக் குழுவில் போட்டபோது எல்லோரும் கைதட்டினீர்கள். அப்போது அது கெமிஸ்ட்ரி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நம் நேரம் இரவு ஏழரைக்கு அவள் குழுவில் வீடியோ காலில் வருவாள். அதுவரை சிரிப்புப் பொம்மைகளை நிறுத்தி வையுங்கள். வந்து கேள்வி கேளுங்கள், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கேளுங்கள், ஆனால் அவளைக் கேளுங்கள், அவள் அப்பாவை அல்ல. அமெரிக்காவில் வேதியியல் படித்த, படிக்கிற என் மாணவர்கள் யாராவது இதைப் பார்த்தால், உங்கள் முதலாண்டு லேபில் யார் நின்றார் என்று கீழே எழுதுங்கள், அவளுக்கு அனுப்பிவைக்கிறேன். எனக்கு மறுப்புச் சொல்ல வேண்டியவர்களும் கீழே எழுதலாம். வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேண்டாம். இடது காது சரியாகக் கேட்பதில்லை. எழுதினால் எழுத்துப்பிழையாவது திருத்தித் தருவேன்.